எடைமேடை

கூலிம் சாலையில் செம்பனை ஆலை.
எடைமேடை என் பொறுப்பு.
பழத்தோடு ஏறும் லோரிக்கு ஓர் எண்,
இறக்கிவிட்டு வரும்போது இன்னோர் எண்.
கழித்துச் சீட்டெழுதித் தருவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஏறுவேன்.
மூடிக் கிடக்கும் ரப்பர் பட்டறைக்குப் பின்னால்
தார் போட்ட எழுநூறு மீட்டர்.
பந்தயம் முடிந்ததும் தராசு.
கார்ட்டும் ஆளும் சேர்ந்து நூற்றைம்பது கிலோ.
ஒரு கிலோ குறைந்தாலும்
ஜெயித்தது செல்லாது.

முப்பத்தொரு வயதில்
நான் நாற்பத்தாறு கிலோ.
லியோங் என் இருக்கையைத் துளைத்து
நான்கு ஈயத் துண்டுகளை முடுக்கினான்,
ஒவ்வொன்றும் ஐந்து கிலோ.
தோட்டத்தில் பிறந்தவன், தமிழ் சரளம்,
ழகரம் மட்டும் வராது.
"உன் பாவமெல்லாம் இங்கே இருக்கட்டும், வண்டி வலுக்காது" என்றான்.

முதல் துண்டு தர்ஷிணி பிறந்தபின் கழன்றது.
இரண்டாவது, தைராய்டு மாத்திரை தொடங்கிய வருடம்.
மூன்றாவதற்குக் காரணமே இல்லை,
நாசி லெமாக்கைச் சொன்னால் பாவம் அது.
நான்காவதை லியோங் போன மார்ச்சில் கழற்றினான்.
ஒன்றும் பேசவில்லை.
திருகாணியைத் துணியில் துடைத்து
என் கையில் வைத்தான்.
இருக்கையில் நான்கு ஓட்டைகள்.
இப்போது நானே என் ஈயம்.

விலா எலும்பு திங்கட்கிழமை வலிக்கிறது,
சரி, முன்பும் வலித்தது,
செவ்வாய்க்கிழமை போய்விடும்.
இப்போது வெள்ளி வரை தங்குகிறது.
கார்புரேட்டர் ஊசியின் கோடு
எனக்குத் தெரிவதில்லை.
தூரத்துக் கொடி நன்றாகத் தெரிகிறது.

நேரம் வந்தால் தெரியும் என்கிறார்கள்.
நேரம் எனக்கு எப்போதும் தெரியும்.
நாற்பத்தொன்று புள்ளி ஆறு.
இந்த வருடம் நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது.
இடையில் இருப்பது
ஒரு இமை மூடித் திறக்கும் தூரம்.
அதற்காக யாராவது
ஒரு வாழ்க்கையை நிறுத்துவார்களா?

வீட்டில் தனராஜா எதுவும் சொல்வதில்லை.
இருபத்திரண்டு வருடமாக
ஒவ்வொரு ஞாயிறும்
கேட்டைத் திறந்துவிட்டுக் குழாயடியில் நிற்பார்,
வண்டி திரும்பும்வரை அதே செடிக்குத் தண்ணீர் விடுவது போல.
செடி எப்போதோ அழுகிவிட்டது.

போன வாரம்
பம்ப் ஹவுஸ் வளைவு.
கவியரசன் உள்பக்கம் நுழைந்துவிட்டான்,
பத்தொன்பது வயது, முன்சக்கரம் என் முழங்கைக்கு நேரே.
வழக்கம்போல் கதவைச் சாத்தினேன்.
அவன் இடித்திருக்க வேண்டும்.
அவன் வயதில் நான் இருந்தால் இடித்திருப்பேன்,
இடித்துவிட்டுக் கையைத் தூக்கி மன்னிப்பும் கேட்டிருப்பேன்.

அவன் எஞ்சின் ஒரு மூச்சு அடங்கியது.
ஹெல்மெட்டுக்குள் அது எனக்குக் கேட்டது.
மற்ற எதுவும் கேட்கவில்லை.

நான் மூன்றாவது, அவன் நான்காவது.
தராசருகே பிடித்துக் கேட்டேன்:
ஏன்டா விட்டே?
"ஈரமா இருந்துச்சு, ஆண்ட்டி."
காலையில் மழைதான்.
ஆனால் அந்த வளைவில் தகரக்கூரை நிழல் இல்லை,
வெயில் விழுந்து முதலில் காய்வது அதுதான்.
அவனுக்கும் தெரியும்.
என் கோப்பைக்குக் கைதட்டினான்,
நன்றாகவே தட்டினான்.

கண்ணாடிக் கூண்டுக்குள்
மின்விசிறி சுழல்கிறது.
சீட்டுகள் பறக்காமலிருக்க
மேசையில் அந்த நான்காவது துண்டு.
லோரிக்காரர்கள் தூக்கிப் பார்த்து
என்னம்மா இந்தக் கனம் என்பார்கள்.

அடுத்த மாதப் படிவமும் அதன் அடியில்தான்.
எண்பது ரிங்கிட் மடித்து வைத்திருக்கிறேன்.
பெயர், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்,
எல்லாம் எழுதியாயிற்று.
வயது என்ற கட்டத்தில்
பேனா நின்றபோது
வெளியே ஹாரன் அடித்தது.
எட்டு டன், காயும் பழமுமாய்.
ஏறச் சொன்னேன்.
எண் நிலைக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.